வாலில் எட்டு, கதவில் ஓட்டை

அன்று விமானக் கொட்டகையில் கால் வைக்க இடமில்லை. எண்ணைக் கூட்டிப் பலன் சொல்லும் எண் சாஸ்திரி வந்திருந்தார். பெட்ரோல் நிரப்புகிறவர் பைக் நம்பரோடு வந்தார். காவலாளி எதற்கும் இருக்கட்டும் என்று செருப்பு சைஸையும் கூட்டச் சொன்னார். ரேடார் பார்த்து விமானம் இறக்குகிற படித்த மனுஷர்கூட மனைவியின் பிறந்த தேதியோடு வரிசையில் நின்றார். படிப்பு ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம்.

மெக்கானிக் அக்கா மட்டும் அந்தச் சின்ன விமானத்தின் கதவருகே முழங்காலிட்டு, ஓரத்து ரப்பர்ப் பட்டையைத் தடவிக்கொண்டிருந்தாள். ஒற்றை எஞ்சின், உயரத்தில் மூச்சு முட்டாமலிருக்க உள்ளே காற்றை அடைத்துக்கொண்டு பறப்பது. போன வாரம் நடுவானத்தில் அந்தக் காற்று கசிந்தது. ஓட்டியவன் அவள் புருஷன். நகம் நீலமாகி, தலை சுற்றி, எப்படியோ இறக்கிவிட்டான். நாளைக்கும் அவன்தான் ஓட்ட வேண்டும்.

விமானத்தின் முதலாளி கண்ட காரணம் வேறு. வாலில் எழுதியிருந்த பதிவு எண்ணைக் கூட்டினால் எட்டு.

“எட்டு ஆளை விழுங்குற எண். மூணு வர்ற மாதிரி மாத்த மனுப் போடுங்க. அதுவரைக்கும் உள்ளே இந்தச் செப்புத் தகடு இருக்கட்டும்” என்றார் சாஸ்திரி.

“பட்டையில விரிசல் சார். புதுசு ஸ்டோர்லயே இருக்கு” என்றாள் அக்கா.

“அதை அடுத்த மாசம் பாக்கலாம்மா. முதல்ல தகடு” என்றார் முதலாளி.

அக்கா இரண்டு பதிவு எண்களை எழுதி சாஸ்திரியிடம் நீட்டினாள். “இந்த ரெண்டுல எந்த எண்ணுக்கு விபத்து நடந்திருக்கும், ஐயா?”

சாஸ்திரி இறக்கையில் சாய்ந்தபடி விரல் மடக்கினார். “முதல் எண் நாலு. எரிஞ்சு சாம்பலாயிருக்கும். அடுத்தது மூணு. ராஜ எண். கீறல்கூட விழுந்திருக்காது.” கூட்டம் கை தட்டியது.

அக்கா விமானத்தின் பழைய பதிவேட்டைப் பிரித்தாள். “கை மாறும்போது பதிவு எண் மாறும். தயாரிச்சவங்க அடிச்ச வரிசை எண் மாறாது. ரெண்டும் இதே விமானத்தோட பழைய எண்தான். நாலுல பதினோரு வருஷம் ஒரு குறையும் இல்ல. உங்க ராஜ எண்ணுலதான் சக்கரம் இறங்காம வயிறு தேய இறங்கியிருக்கு. நீங்க சொன்ன சாம்பல் மேலதான் இப்போ நீங்க சாஞ்சிருக்கீங்க.”

சாஸ்திரி சட்டென்று நிமிர்ந்தார். “ஓட்டினவர் பிறந்த தேதி இடிச்சிருக்கும்.”

அக்கா தகட்டை உள்ளே மாட்டினாள். கதவைச் சாத்தி, கம்ப்ரஸர் வைத்துக் காற்றை ஏற்றி, விளிம்பெல்லாம் சோப்புத் தண்ணீர் தடவினாள். கீழ் மூலையில் குமிழி கொப்பளித்தது. எட்டி நின்றவர்களுக்குக்கூடத் தெரிந்தது.

“தகடு உள்ளதான் இருக்கு. நாளைக்கு ஐயாவும் கூடப் பறக்கட்டுமே.”

சாஸ்திரிக்கு நாளைக்கு வேறு ஊரில் வேலை இருந்தது. இன்றைக்கும் இருந்தது. முதலாளி தொண்டையைச் செருமி, “ஸ்டோரைத் திறங்கப்பா” என்றார்.

கலைந்த வரிசையின் கடைசியில் அவள் புருஷன் நின்றான், கையில் பிறந்த தேதி எழுதிய சீட்டோடு.

“சும்மா ஒரு பயம்” என்றான்.

அவள் சீட்டை வாங்கி, பின்பக்கத்தில் பட்டையின் அளவைக் குறித்துக்கொண்டாள். பதிவேட்டை அவன் கையில் வைத்தாள்.

“விரிசலுக்குத் தேதியெல்லாம் படிக்கத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்ல? இதைப் படிச்சுட்டு ஏறுங்க.”