மரம் இல்லாத கறி

"மெர்டேக்கா அன்னைக்கு, நாட்டுக்கு சுதந்திரம் கெடைக்கிற நாளுல, பண்டார் ஹிலிர் திடலுக்குப் போற கொடி கட்டின பஸ்ஸ நான்தான் ஓட்டுவேன். வேற எவனாவது அந்த ஸ்டேரிங்கத் தொட்டான், கைய முறிச்சு அவன் பாக்கெட்டுலயே போட்டு அனுப்பிடுவேன்!"

இப்படி ஒரு சபதம் போட்டுட்டு கஜா பெராங் ஊரு முழுக்க மார நிமித்திக்கிட்டு நடந்தாரு சேதுபதி. மார நிமித்தினாருன்னு சொல்றது ஒரு மரியாதைக்குத்தான். நிமிந்தது வயிறு. மாரு அதுக்குப் பின்னால எங்கயோ வந்துக்கிட்டு இருந்துச்சு.

அவரு ஆசைப்பட்டதுல தப்பே இல்லீங்க. கம்பெனியில இருக்குற டிரைவருங்கள்ல அவருதான் மூத்தவரு. ஜப்பான்காரன் காலத்துல எண்ணெ கிடைக்காம, அடுப்புக்கரியப் போட்டு லோரி ஓட்டின ஆளு. அப்ப கரியில ஓடுனது லோரி. இப்ப கறியில ஓடுறது சேதுபதி. காலையில கோழி, மத்தியானம் எலும்பு சூப்பு, ராத்திரிக்குக் கருவாடு, ஞாயித்துக்கெழமை ஆடு. அவரு தட்டுல பச்சையா ஏதாவது தெரிஞ்சா, "என்னா வேணி, சோத்துல பாசி புடிச்சிருக்கு?"ன்னு கேப்பாரு.

கஜான்னா மலாய்க்காரங்க பேச்சுல யானை. "இந்த ஊருக்குப் பேரு வச்சப்ப கஜா இல்ல, நம்ம சேதுபதி அண்ணன் வந்துதான் அந்தக் கொறை தீந்துச்சு"ன்னு சொல்லுவான் கருப்பையா. பஸ்ஸுல அவன்தான் கண்டக்டரு. பக்கத்து வீட்டுக்காரன். வாயிலயே ஒரு டிக்கெட்டுப் பொட்டி வச்சிருப்பான், பேச்ச கிழிச்சுக் கிழிச்சுக் குடுப்பான்.

"அண்ணே, இப்ப ஹோர்ன் அடிச்சது நீங்களா, வயிறா?"

ஏன்னா சேதுபதி மூச்ச நல்லா உள்ள இழுத்தாருன்னா வயிறு ஸ்டேரிங்குல முட்டி ஹோர்ன் தன்னால அடிக்கும். ரோட்டுல போறவன் ஒதுங்குவான். மூச்ச விட்டா நிக்கும். காலையில கக்கூஸுக்குப் போனாருன்னா பஸ் கெளம்புற நேரம் தாண்டிரும். கருப்பையா வெளிய நின்னு விசில் ஊதுவான். உள்ளேருந்து, "இருடா, இன்னும் ஸ்டார்ட்டே ஆகல!"ன்னு சத்தம் வரும்.

மே மாசம் கம்பெனியில ஒரு அறிக்கை விட்டாங்க. மெர்டேக்கா பஸ்ஸ மூத்த டிரைவருதான் ஓட்டணும். ஆனா ஆஸ்பத்திரியில பாதி டாக்டரா இருக்குற டிரெஸ்ஸரு ஒடம்ப சோதிச்சு கையெழுத்துப் போடணும்.

டிரெஸ்ஸரு நல்லையா யாழ்ப்பாணத்துக்காரரு. ஊசி குத்துறதுக்கு முன்னால வார்த்தையால குத்திருவாரு. சேதுபதி கையில பட்டையச் சுத்தி, பந்த அமுக்கி, ஓடுற முள்ளப் பாத்தாரு. முள்ளு ஏறிக்கிட்டே போச்சு. அவரு புருவமும் கூடவே ஏறுச்சு.

"ஐசே, உமக்குப் பிரஷர் எக்கச்சக்கமா ஏறிக் கிடக்கு. இப்பிடியே விட்டால் ஒருநாளைக்கு பஸ் ஒரு பக்கம் போகும், நீர் ஒரு பக்கம் போவீர்."

"மருந்து குடுங்க ஐயா."

"மருந்து பிறகு. முதல்ல வாயை அடக்கும். இறைச்சி, கொழுப்பு, கருவாடு எல்லாத்தையும் நிப்பாட்டும். இனி மரக்கறிதான் சாப்பிட வேணும்."

"ஐயா! தழையத் தின்னுட்டு எப்படிங்க பஸ் ஓட்டுறது?"

"ஏன், ஆனை தழைதானே தின்னுது? அதுக்குப் பலமில்லையோ?"

"யானை தின்னுதுங்க. ஆனா யானை பஸ்ஸா ஓட்டுது?"

"உந்தக் கதை வேண்டாம். ஆகஸ்டில திரும்ப வாரும். குறையாட்டில் நான் கையெழுத்துப் போடமாட்டன். நீர் டிப்போவில நிண்டு பஸ் கழுவும்."

சேதுபதி வீட்டப் பாத்து நடந்தாரு. ஒரு பக்கம் ஸ்டேரிங், ஒரு பக்கம் ஆட்டுக்கறி. ரெண்டையும் விட மனசு வரல. வாசப்படி ஏறும்போது மனுசனுக்கு ஒரு யோசன மின்னுச்சு.

"டிரெஸ்ஸரு என்னாங்க சொன்னாரு?" பொண்டாட்டி கமலவேணி கேட்டா.

சேதுபதி மூஞ்சிய சோகமா வச்சுக்கிட்டாரு. "என்னாத்த சொல்றது வேணி. ஒடம்புல சத்து பத்தாதாம். இனிமே தெனமும் கறிதான் திங்கணும்னு கண்டிசனா சொல்லிட்டாரு."

பாத்தீங்களா வேலைய? டிரெஸ்ஸரு சொன்னது மரக்கறி. இவரு வர்ற வழியிலயே மரத்த வெட்டிப் போட்டுட்டு கறிய மட்டும் வீட்டுக்குக் கொண்டாந்துட்டாரு!

"கறியா? தெனமுமா?"

"தெனமும். மூணு வேளையும்னா இன்னும் நல்லதாம்."

"டிரெஸ்ஸரே சொன்னாரா?"

"வேணும்னா போய்க் கேட்டுக்க!"

கமலவேணி ஒரு நிமிசம் அவரு மூஞ்சியவே பாத்தா. "சரிங்க. ஆஸ்பத்திரிக்காரங்க சொன்னா செஞ்சுதானே ஆகணும்"னு சொல்லிட்டு உள்ள போயிட்டா.

ஒருநாள் கூடுதலா கறி கேட்டாலே மூக்கால அழுறவ, இன்னைக்கு எதுத்துப் பேசாம சரின்னுட்டா. புத்தி உள்ளவன்னா அங்கயே உசாராயிருப்பான். சேதுபதி, 'நம்ம மூளைக்கு லைசென்சு தனியா வாங்கணும்'னு பெருமப்பட்டுக்கிட்டே தூங்கிட்டாரு.

மறுநாள்லேருந்து விருந்துதான். பட்ட, சோம்பு, மொளகு எல்லாத்தையும் வறுத்து அம்மியில அரச்சு, கொதிக்கக் கொதிக்க கறிக்கொழம்பு. வாசம் தெருமுனையில பஸ்ஸ நிறுத்துது. எடுத்து வாயில போட்டா நாரு நாரா பிரியுது, பஞ்சு மாதிரி.

"வேணி, என்னா இது எலும்பே காணோம்?"

"எலும்பு இல்லாத எடமா பாத்து எடுத்தேன். ஒங்களுக்குப் பல்லு ஆடுதுன்னீங்களே."

"அட, நல்லா வெந்துருக்கு! இளசோ?"

"பிஞ்சுங்க."

"ஆட்டுல ஏது பிஞ்சு?"

"குட்டியச் சொன்னேங்க. தின்னுங்க, ஆறிடும்."

ஒருநாள் அவ கையப் புடிச்சாரு. பிசுபிசுன்னு ஒட்டுச்சு. "என்னாடி இது கோந்து மாதிரி?" "ஆட்டுக் கொழுப்புங்க, லேசுல போகமாட்டேங்குது"ன்னு எண்ணெயத் தடவி வழிச்சு எறிஞ்சா. இன்னொரு நாளு ஆட்டுக்கால் சூப்பு. இன்னொரு நாளு ஈரல் வறுவல். நடுவுல முள்ளெடுத்த மீன். சேதுபதி இருவது வருசமா சுருட்டுக் குடிக்கிற மனுசன். நாக்கு தாரு போட்ட ரோடு. அதுமேல ஆடு நடந்தாலும் ஒண்ணுதான், எது நடந்தாலும் ஒண்ணுதான்.

ஆனா ஒடம்பு வேற கத சொல்ல ஆரம்பிச்சுச்சு.

மொத மாசம் கக்கூஸ் விசயம் தீந்துச்சு. கருப்பையா விசில வாயில வைக்கிறதுக்குள்ள இவரு கால் கழுவிட்டு வெளிய நிக்கிறாரு. ரெண்டாவது மாசம் பெல்ட்டுல ஓட்ட பத்தாம ஆணி அடிச்சு ரெண்டு புது ஓட்ட போட்டாரு. முட்டி வலி கொறஞ்சு மேட்டுல இருக்குற கொழா வரைக்கும் வாளியத் தூக்கிக்கிட்டு சீட்டி அடிச்சுக்கிட்டே போயி வந்தாரு. கொறட்ட நின்னுபோச்சு. மூச்சு இருக்கான்னு கமலவேணி நாலஞ்சு ராத்திரி மூக்குல வெரல வச்சுப் பாத்துருக்கா. எல்லாத்துக்கும் மேல, ஹோர்ன இப்பல்லாம் கையாலதான் அடிக்க வேண்டியிருக்கு.

விடுவாரா சேதுபதி? பஸ்ஸுல ஏறுறவன் எறங்குறவனுக்கெல்லாம் உபதேசம்.

"கறி தின்னு தம்பி, கறி! கீரையத் தின்னவன் கீழ போவான். ஆட்டத் தின்னவன் ஆட்டம் போடுவான். என்னையப் பாரு!"

பிள்ளையாரு கோயிலு வாசல்ல நின்னுக்கிட்டு கூட இதையே சொன்னாரு. உள்ள இருக்குற யானமுகத்தவரு தும்பிக்கையால மூஞ்சிய மூடிக்கிட்டிருப்பாரு.

ஆகஸ்ட் மாசம் டிரெஸ்ஸருகிட்ட போனாரு. நல்லையா பட்டையச் சுத்தினாரு. முள்ளு பாதியிலயே நின்னுடுச்சு. கருவி கெட்டுப்போச்சோன்னு தட்டிப் பாத்தாரு. இன்னொரு கையில சுத்தினாரு. எடை மெசின்ல ஏத்தினாரு. கடைசியா கண்ணாடியக் கழட்டித் தொடச்சாரு.

"சபாஷ் ஐசே! பிரஷர் நல்லாக் குறைஞ்சிட்டுது. பஸ்ஸை ஓட்டும்!"ன்னு சொல்லி டபக்குன்னு கையெழுத்துப் போட்டாரு.

காகிதம் கைக்கு வந்துச்சோ இல்லையோ, சேதுபதிக்குப் பெரும பொங்கிருச்சு. வாங்குனோமா வந்தோமான்னு இருக்கணும் இல்ல?

"ஐயா, தப்பா நெனக்காதீங்க. நீங்க மரக்கறின்னீங்க. நான் கேக்கல. மூணு மாசமா வெறும் ஆட்டுக்கறிதான் தின்னேன். ஒங்க படிப்பு தோத்துப்போச்சு, என் ஆடு ஜெயிச்சிருச்சு!"

நல்லையா அவரையே பாத்தாரு. அப்புறம் மேசையப் புடிச்சுக்கிட்டு சிரிக்க ஆரம்பிச்சாரு. சிரிச்ச சிரிப்புல வெளிய காச்சலோட உக்காந்திருந்தவனுக்கு காச்சலே விட்டுருச்சு.

"எட, உமக்கு இன்னும் தெரியாதோ? நீர் வந்துபோன அடுத்த நாளே உம்மட மனுசி இஞ்ச வந்தவ. 'ஐயா, ஒரு நாளைக்கு எத்தனை தரம் கறி குடுக்கோணும்' எண்டு கேட்டவ. எந்தக் கறியெண்டு நான் விளங்கப்படுத்தி விட்டனான். என்ன ஆக்கப்போறனெண்டு அவவும் சொல்லிப்போட்டுத்தான் போனவ. நீர் திண்டது ஆடில்லை காணும். நங்கா! பிஞ்சுப் பலாக்காய்!"

சேதுபதி வீட்டுக்கு நடந்து வரல. பறந்து வந்தாரு. முட்டி வலிதான் இல்லையே.

"வேணி! மூணு மாசமா என்னை ஏமாத்திட்டியேடி!"

"நான் எங்க ஏமாத்தினேன்? நீங்க கறின்னீங்க, நானும் கறின்னேன். நீங்க வழியில வெட்டிப் போட்ட மரத்த நான் எடுத்தாந்து திரும்ப நட்டேன். வேற என்னா செஞ்சேன்?"

"அந்த ஆட்டுக்கால் சூப்பு?"

"முருங்கக்கீர அவிச்ச தண்ணி."

"அப்ப ஆட்டுக்கு... காலு?"

"மரத்துக்கு ஏதுங்க காலு?"

"ஈரலு?"

"பச்சப்பயிற அரச்சு, அவிச்சு, வெட்டி வறுத்தது."

"மீனு? மீனாச்சும் மீனா?"

"வாழக்கா. அதான் முள்ளு குத்தல."

சேதுபதி அப்படியே முக்காலியில உக்காந்துட்டாரு. "இத மொதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?"

"சொன்னா கேட்டுருவீங்களா? தட்டத் தள்ளிவிட்டுட்டு கடையில போயி எலும்பக் கடிப்பீங்க." கமலவேணி முந்தானையில கையத் தொடச்சா. "ஒங்களுக்கு அந்த பஸ்ஸு வேணும். எனக்கு நீங்க வேணும். டிரெஸ்ஸரு சொன்னத கேட்ட அன்னைக்கு வீடு வந்து சேரத் தெரியாம நடந்தேன். ஒங்களுக்கென்னா, கறின்னு சொல்லிட்டுப் படுத்துட்டீங்க."

சேதுபதி முக்காலிய அவ பக்கத்துல இழுத்துப் போட்டாரு.

"சரி. இனிமேலும் அதையே ஆக்கு. நல்லாத்தான் இருக்கு. ஆனா வேணி, இது இந்த வீட்டத் தாண்டக் கூடாது. ஊரு பூரா ஆடு ஆடுன்னு கத்திட்டேன். வெளிய தெரிஞ்சா என் மானம் கப்பலேறிடும்."

"எம் வாயிலேருந்து ஒரு வார்த்த வராதுங்க. பிள்ளையாரு மேல சத்தியம்."

மெர்டேக்கா அன்னைக்குக் காலையில பஸ்ஸப் பாக்கணுமே! முன்னால கொடி, ரெண்டு பக்கமும் வாழ மரம், சன்னல் பூரா காகிதப்பூ. சேதுபதி வெள்ள சட்ட போட்டு, தொப்பிய லேசா சாச்சு, ஸ்டேரிங்குக்கும் வயித்துக்கும் நடுவுல ஒரு தலகாணி வைக்கிற எடம் விட்டு உக்காந்திருந்தாரு. கஜா பெராங் சனம் மொத்தமும் உள்ள. பெரிய சீட்டுல கமலவேணி, பட்டுச்சேல, தலநெறைய பூவு. பஸ் நகந்ததும் ரோட்டுல மலாய்க்காரன், சீனன், தமிழன் அத்தன பேரும் கைய ஆட்டி "மெர்டேக்கா!"ன்னாங்க. சேதுபதி நாட்டுக்குச் சொன்னதுல பாதிய தனக்குன்னு எடுத்துக்கிட்டாரு. கண்ணாடியில பொண்டாட்டியப் பாத்தாரு. அவ இவரத்தான் பாத்துக்கிட்டு இருந்தா, பஸ்ஸையே அவதான் செஞ்சு குடுத்த மாதிரி ஒரு பெருமையோட.

அந்தப் பெருமையில வாயி சும்மா இருக்குமா? பஸ்ஸு பூரா கேக்குற மாதிரி கொரல ஒசத்தினாரு.

"டேய் கருப்பையா! ரெண்டு டிக்கெட்டு கிழிக்கிறதுக்குள்ள ஒனக்கு எப்படி மூச்சு வாங்குது பாரு! தெனமும் ஆட்டுக்கறி தின்னுடா. என்னையப் பாரு, கல்லு மாதிரி இருக்கேன். எல்லாம் அந்த ஆடு குடுத்த ஒடம்பு!"

கருப்பையா மணிய ஒரு இழுப்பு இழுத்து, நெத்தி வேர்வையத் தொடச்சான்.

"மூச்சு வாங்காம என்னாண்ணே செய்யும்? அந்த ஆட்ட மூணு மாசமா எங்க வீட்டு மரத்துல ஏறிப் பறிச்சுக் குடுத்தவனே நான்தானே!"