இரண்டு பக்கமும் ஆமாங்க போட்டவன்

எடப்புளி நாடு,
கீலக வருஷம், கார்த்திகை மாதம்.

மிதவாதக் கட்சியைச் சேர்ந்த மூத்த குமாரன் சிரஞ்சீவி அர்த்தனாரிக்கு, எந்தக் கட்சியிலும் சேர்க்கப்படாத அப்பன் குப்புசாமி ஆசீர்வதித்து எழுதுவது. இவ்விடம் நானும் நாயும் சுகம். நாமக்கல்லில் உன் சுகத்துக்கும், நீ வெள்ளைக்காரனுக்கு எழுதும் மகஜர்களின் சுகத்துக்கும் பதில் போடவும்.

செம்மேட்டுச் சந்தையில் நடந்ததற்கு இன்னும் கோபமாக இருக்கிறாயாம். தப்பு என் வாயில்தான். நம் மலைநாட்டுக் கூட்டத்தில் யார் பேசினாலும், அவர் மூச்சு வாங்கும் இடத்தில் எல்லோரும் ஆமாங்க போடுவது மரியாதை. மலை இறங்கிக் கீழ்நாட்டில் படித்த உங்களுக்கு அது மறந்துவிட்டது. நீ, "மனுப் போட்டு நியாயம் கேப்போமுங்க" என்றாய். சந்தையே ஆமாங்க என்றது. மலையே மிதவாதியாகிவிட்டதென்று பூரித்துப்போனாய். அடுத்து உன் தம்பி செங்கோடன் உப்பு மூட்டைமேல் ஏறி, "கேட்டாக் குடுத்துருவானாக்கும்? சீமைத் துணியக் கொளுத்துங்க!" என்றான். அதற்கும் ஆமாங்க. அதிலும் என் குரல்தான் உரக்கக் கேட்டது. பெற்ற தொண்டை அல்லவா? நான் கட்டியிருந்ததே சீமை வேட்டி என்பது அவன் முறைத்த பிறகுதான் உறைத்தது.

"ஏனுங்கப்பா, நீங்க யாரு பக்கம்?" என்று இருவரும் சேர்ந்தே கேட்டீர்கள். நீங்கள் ஒத்துப்போனது அந்த ஒரு கேள்வியில்தான். "நடுவுல நிக்கறேன் சாமி" என்றேன். நீ நாமக்கல் பக்கம் இறங்கினாய், அவன் சேலம் பக்கம் இறங்கினான். நான் நின்றுகொண்டே இருக்கிறேன்.

சாமை அறுத்து ஊடு வந்து சேர்ந்துவிட்டது. ஆனால் ஊட்டு ஆம்பளைகள் எல்லோரும் ஒன்றாக உட்காராமல் புதுச் சாமை பொங்கக் கூடாதே! ஊரெல்லாம் புதுச்சோறு மணக்கிறது. நான் பழைய கேழ்வரகில் களி கிண்டி, உங்கள் அம்மா இருந்தால் காறித் துப்பியிருக்கும் பதத்தில் தின்கிறேன். பேச்சுத் துணைக்கு நாய். அது எதற்கும் ஆமாங்க போடுவதில்லை. நேற்று பக்கத்து ஊட்டுப் பாப்பாயி எட்டிப் பார்த்து, "யாருகூடப் பேசறீங்க மாமா?" என்றாள். "கட்சிக் கூட்டம் நடக்குதம்மா" என்றேன்.

ஆகையால் வரும் அமாவாசைக்கு வந்து சேர். நான் உன் கட்சியில் சேர்ந்துவிட்டேன். மகஜரைக் கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன். செங்கோடன் பேச்சுக்கு இனி வாயே திறப்பதில்லை. அன்றைக்கு அவன் வர மாட்டான், பயப்படாதே.

உன் கையும் பேனாவும் தேயாமலிருக்க அறப்பளீசுவரர் துணை.

இப்படிக்கு,
அப்பன் குப்புசாமி

பி.கு.: இதைக் கொண்டுவரும் மிளகு வியாபாரி அமீர் ஹம்சா ராவுத்தர், சேலத்துக்கும் ஒரு கடிதம் கொண்டுபோகிறார். அதிலும் இதே அமாவாசைதான். இதில் மகஜர் என்று வருகிற இடத்தில் மட்டும், அதில் சீமை வேட்டியைக் கொளுத்திவிட்டதாக எழுதியிருக்கிறேன். நீ வரும்போது அவன் உள்ளே உட்கார்ந்திருந்தால் வாசலோடு திரும்பிவிடாதே கண்ணு. உலை வைத்திருப்பேன்.