கடைசி வரிசையில் இயக்குநர்

இந்த மனுஷன் எதற்கு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறார்? ஃபோனைச் சட்டைப்பையில் நிமிர்த்தி வைத்திருக்கிறாரே, பதிவு செய்கிறாரா? செய்கிறார். சந்தேகமே இல்லை.

மனதுக்குள் இது ஓட, அவள் வாய் மட்டும் வகுப்பைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தது. “கண்ணைப் பாக்கப் பயமா இருந்தா புருவத்துக்கு நடுவுல பாருங்க. அவங்களுக்கு வித்தியாசம் தெரியாது.”

எதிரே கடல் தாண்டிப் படிக்க வந்த பிள்ளைகள். விண்ணப்பம் எழுதுவதிலிருந்து கைகுலுக்குவது வரை, இந்த ஊரில் வேலை தேடும் வித்தையை அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் பல்கலைக்கழகத்தில் அவளுடைய வேலை. ஒரு வருட ஒப்பந்தம். மாதக் கடைசியில் முடிகிறது. அதை நீட்டிப்பதும் அவளை வீட்டுக்கு அனுப்புவதும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த இயக்குநரின் கையில் இருந்தது.

அவள் மடியில் கனமில்லாமலேயே வழியில் பயப்படுகிறவள். கணவன் கேட்காமல் பாத்திரம் கழுவினால், எதை உடைத்தான் என்று அலமாரியைத் துழாவுவாள். பெரும்பாலும் ஏதாவது உடைந்துதான் இருக்கும். அதனாலேயே அந்தக் குணம் அவளை விட்டுப் போகவில்லை.

“குறை கண்டுபிடிக்கத்தான் வர்றாரு,” என்றாள் கணவனிடம்.

“உன் வகுப்பு பிடிச்சிருக்கோ என்னவோ.”

“வருஷம் பூரா எட்டிப் பாக்காதவருக்கு இப்பத்தான் பிடிச்சுதாக்கும்!”

மறுநாள் உஷாரானாள். கதை, கேலி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுத் திரை முழுக்க வட்டங்களும் அம்புக்குறிகளுமாகக் காட்டினாள். பிள்ளைகளின் தலைகள் ஒவ்வொன்றாகத் தொங்கின. முடிந்ததும் இயக்குநர் பக்கத்தில் வந்தார்.

“என்னம்மா, இன்னிக்கு ஒண்ணுமே புரியல. பழையபடியே நடத்துங்களேன்.”

பழையபடி நடத்தினால்தானே மாட்டிவிடலாம்! தலையை ஆட்டிவிட்டு, அடுத்த வகுப்புக்கு இன்னும் கொஞ்சம் அம்புக்குறி சேர்த்தாள்.

பிறகு ‘நெட்டை’ வந்தான். பொறியியல் மாணவன். வகுப்பே அவனை அப்படித்தான் கூப்பிடும்.

“மேடம், சம்பளம் கேக்கறதைப் பத்தி நீங்க என்ன சொல்லித் தந்தீங்கன்னு சார் என்னைத் தனியா கூப்பிட்டுக் கேட்டாரு.”

“நீ என்ன சொன்ன?”

“கூச்சப்படாம கொஞ்சம் கூடவே கேக்கச் சொன்னீங்கன்னேன். ‘அப்படியா, அப்படியா’ன்னு ஆசையா கேட்டுக்கிட்டாரு.”

ஆக, பிள்ளைகளுக்குப் பேராசை ஊட்டுகிறாள் என்று குற்றச்சாட்டு தயாராகிறது. அன்றே அறிவித்தாள்: “சம்பளத்தைப் பத்தி யாரும் வாயே திறக்கக் கூடாது.”

நெட்டை சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளை. நிஜ நேர்காணலில், எவ்வளவு சம்பளம் எதிர்பார்க்கிறீர்கள் என்று கம்பெனிக்காரர்கள் கேட்டபோது உதட்டை இறுக்கிக்கொண்டு அவர்களுடைய புருவ நடுவையே வெறித்துப் பார்த்திருக்கிறான். அவர்கள் பயந்துபோய், தண்ணீர் கொடுத்து, உடம்பு தேறியதும் வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். மொத்த வகுப்பும் புகாரோடு இயக்குநரைத் தேடிப் போனது.

முந்திக்கொண்டு விளக்கம் சொல்லிவிட அவள் ஓடினாள். அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே அவர் குரல்.

“மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா இங்க இனிமே வளர வழியில்ல. போறதுதான் நல்லது.”

சற்று இடைவெளி. மறுபடியும் அதே வார்த்தைகள், இன்னும் கனிவாக.

ஒத்திகை! தன்னை அனுப்புவதற்கு ஒத்திகை பார்க்கிறார். சந்தேகம் பலித்துவிட்டதில் ஓர் அற்பத் திருப்தி தனக்குள் எழுவதைக் கண்டு அவளுக்கே வெட்கமாக இருந்தது. திரும்பி வந்து மேசையைக் காலி செய்தாள். வேலை கிடைத்த பிள்ளைகள், அலுவலக அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அனுப்பிய படங்கள் சுவரில் இருந்தன. அவற்றைக் கழற்றத்தான் கை வரவில்லை. வாய் திறக்கவே நடுங்கியவர்கள். ஒவ்வொருவரையும் எதிரே உட்காரவைத்துப் பேசிப் பேசியே அவளுடைய வருடம் போயிருந்தது.

இயக்குநர் கூப்பிட்டனுப்பினார். புதுக் கோட்டு போட்டிருந்தார். கதவைச் சாத்தச் சொன்னார்.

“நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம் சார். பெட்டி கட்டியாச்சு.”

“ஐயையோ, உங்களுக்கும் வேற இடத்துல கிடைச்சிருச்சா?” அவர் திடுக்கிட்டார். “எனக்கு நாளைக்குத்தாம்மா நேர்காணலே!”

அவள் உட்கார்ந்தாள்.

“பெரிய பல்கலைக்கழகம். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு இந்த மாதிரி வகுப்பெடுத்த அனுபவம் கேட்டாங்க. நம்ம வகுப்பையெல்லாம் நான் எடுத்ததா விண்ணப்பத்துல போட்டுட்டேன். ஏதாவது கேட்டா முழிக்கக் கூடாதேன்னுதான் வந்து உக்காந்து கத்துக்கிட்டேன். உங்களுக்கு போன் பண்ணி விசாரிப்பாங்க. ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்க ஒப்பந்தத்துல இப்பவே கையெழுத்துப் போட்டுடறேன்.”

“எடுத்தது நானாச்சே சார்.”

“‘நாங்க செஞ்சோம்’னு பம்மாதீங்க, ‘நான் செஞ்சேன்’னு தைரியமா சொல்லுங்கன்னு நீங்கதானேம்மா வகுப்புல சொன்னீங்க!”

எந்த மாணவனும் ஒரு பாடத்தை இவ்வளவு உறுதியாகப் பிடித்துக்கொண்டதில்லை. பேனா மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் காத்திருந்தார்.

“போன் வந்தா எடுக்கிறேன் சார்,” என்றாள் மெதுவாக. “யாரு எடுத்த வகுப்புன்னு கேட்டா, உங்க பேரைச் சொல்ல மாட்டேன். ‘நான் எடுத்தேன்’னுதான் சொல்வேன்.”