அக்கா தைத்த உறையும் அணைந்து போகும் கணினியும்

அன்புள்ள மைத்துனருக்கு,

இங்கு அனைவரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. உறுதியான செய்தி வேறு. நீ பாகம் பாகமாக வாங்கிவந்து எங்கள் கூடத்தில் உட்கார்ந்து பூட்டித் தந்த புதுக் கணினி இன்று காலை மறுபடியும் தானாக அணைந்தது. தகவல் தந்தவள் என் மகள். ஆய்வேட்டில் அவள் திருத்திக்கொண்டிருந்த பக்கங்களும் அதோடு போயின. வெள்ளிக்கிழமை அவளுக்கு வாய்மொழித் தேர்வு. தேர்வாளர்கள் வெளியூரிலிருந்து இந்தத் திரையில்தான் வருகிறார்கள். பாதியில் அணைந்தால் அடுத்த தேதி எப்போது கிடைக்கும் என்று பல்கலைக்கழகத்தில் விசாரித்தேன். யாருக்கும் தெரியவில்லை.

தீ, வெள்ளம், கலவரம் என்று நேரில் போய்ப் பார்த்து எழுதிய நிருபன் நான். அப்போதெல்லாம் பின்வாங்காத நான், இந்தப் பெட்டியின் பொத்தானை அழுத்த மகளைக் கூப்பிடுகிறேன். உள்ளே இருந்த இரண்டு ரேம் நினைவகத் தகடுகளில் ஒன்றைக் கழற்றினோம், அணைந்தது; அதை மாட்டிவிட்டு மற்றதைக் கழற்றினோம், அப்போதும் அணைந்தது; உள்ளே இருந்த மென்பொருளையெல்லாம் அழித்து மகள் புதிதாக ஏற்றினாள், ஏற்றி முடித்த களைப்பில் அணைந்ததுபோல அணைந்தது. பழுதுபார்ப்பவரைக் கூப்பிட்டால், பள்ளி ஆய்வாளர் வந்த வகுப்பறை மாதிரி அது அடக்க ஒடுக்கமாக ஓடுகிறது. "மெஷின் நல்லாத்தான் இருக்கு சார். நீங்கதான் ரொம்பப் பயப்படுறீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் வண்டி தெருமுனை திரும்பவில்லை, இங்கே திரை இருண்டுவிட்டது. அன்று முதல் வீட்டில் யாரும் அழுத்தி நடப்பதில்லை. தும்மல் வந்தால் நான் மாடிக்குப் போய்விடுகிறேன்.

போனில் சொல்லாமல் கடிதம் எழுதுவதற்குக் காரணம் உண்டு. அது ஏன் அணைகிறது என்று நேற்றுத்தான் கண்டுபிடித்தேன். உன் அக்கா அந்தப் பெட்டிக்குப் பஞ்சு வைத்து, பூ வேலை செய்து ஓர் உறை தைத்திருக்கிறாள். இந்த வீட்டில் உறை இல்லாதவர்கள் நானும் மகளும்தான். காற்று வெளியேறும் துளையெல்லாம் அந்த உறைக்குள் அடைந்துபோகிறது. வெளியாள் வந்தால் மரியாதைக்கு எடுத்துவிடுவாள், போனதும் போர்த்திவிடுவாள். பழுதுபார்ப்பவர் கண்ணில் உறை படவே இல்லை. மெல்லக் கைவிட்டுப் பார்த்தேன், உள்ளே கொதிக்கிறது.

இதை அவளிடம் யார் சொல்வது? போன முறை வாஷிங் மெஷின் உறையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லப்போய், எங்கள் பேச்சுவார்த்தை சில நாள் மகள் மூலமாகவே நடந்தது. ஆகவே தம்பி, நீ சொல். பூட்டியவன் சொன்னால் எடுபடும். தகவல் தந்தவர் பெயர் மட்டும் வெளியே வரக் கூடாது.

உன் வீட்டில் எதுவும் தானாக அணையாமல் இருக்க வாழ்த்தும்,
உன் அத்தான்

பின்குறிப்பு: கடித உறையில் முகவரி எழுதிக்கொண்டிருந்தபோது கணினி மறுபடியும் அணைந்தது. அக்கா தைத்த உறை மத்தியானமே துவைக்கப்பட்டு மாடிக் கொடியில் தொங்குகிறது. நானும் பார்த்தேன், மகளும் பார்த்தாள். ஆகவே அதைப் பற்றி மேலே எழுதிய அனைத்தும் திரும்பப் பெறப்படுகிறது. பயந்து எழுந்து ஓடியவன் கடிதத்தை மேசையிலேயே விட்டுவிட்டேன். உன் அக்கா முழுக்க வாசித்துவிட்டாள். கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. "இது வரைக்கும் என் உறையச் சொன்னீங்க. இனிமே எதச் சொல்வீங்க?" என்றாள்.

ரகசியம் போய்விட்டதால் போனும் செய்கிறேன். ஆனாலும் திருத்தம் மூலச் செய்தியோடு போவதுதான் முறை என்பதால் இதையும் அனுப்புகிறேன். கணினிக்கு மின்சாரம் தரும் பவர் சப்ளை வேறொன்றை எடுத்துக்கொண்டு வியாழன் காலை முதல் பேருந்தில் வந்துவிடு. அணைவதற்கான காரணம் இன்னும் தெரியவில்லை; அன்று இரவுக்குள் நீ சொல்வாய் என்று எதிர்பார்க்கிறோம். மறுநாள் காலை பத்து மணிக்குத் தேர்வு.