கொண்டாடக் கூடாத கோல்

பந்து வலைக்குள் விழுந்து மூன்று விநாடி கழித்துத்தான் எலோய் கரஸ்காலுக்கு அந்தச் சந்தேகம் மறுபடியும் வந்தது. இந்த மொன்ட்ரெகா கிளப்பில் நாம் ஆடியிருக்கிறோமா, இல்லையா?

அதற்குள் இரண்டு கைகளும் பாதி தூரம் மேலே போய்விட்டிருந்தன. முழுக்கத் தூக்கிக் கத்துவதா, இறக்கிவிட்டுத் தலை குனிவதா என்று புரியவில்லை. கொடியில் துணி காயப்போடப் போனவனைப் போல மைதானத்தின் மூலையில் அப்படியே நின்றான்.

பழைய கிளப்புக்கு எதிராகக் கோல் போட்டால் கொண்டாடக் கூடாது. இது எந்த விதிப் புத்தகத்திலும் கிடையாது. புத்தகத்தில் இருக்கிற விதிகளை எல்லாரும் மீறுவார்கள், இதை மட்டும் யாரும் மீற மாட்டார்கள். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தவன் என்ற பெயர் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் ஓய்வு பெற்ற பிறகும் போகாது.

ஒரு கிளப், இரண்டு கிளப் பார்த்தவனுக்கு இதில் சிக்கல் இல்லை. எலோய் பதினாறு வருடங்களாக இடது ஓரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் விங்கர். வயது முப்பத்து நான்கு. பதினான்கு கிளப். சிலவற்றில் ஒரு வருடம், சிலவற்றில் ஆறு மாதம், ஒன்றில் பதினோரு நாள். பன்னிரண்டாம் நாள் அந்தக் கிளப்பையே கலைத்துவிட்டார்கள். அவன் ஆடிய கீழ்ப் பிரிவுகளில் எல்லா ஊர் உடைமாற்றும் அறையும் ஒரே மாதிரி ஈரச் சிமெண்ட் வாடையும் வலித்தைல வாடையுமாகத்தான் இருக்கும். எது எந்த ஊர் என்று அவனால் பிரித்துச் சொல்ல முடியாது. சத்தியமாக முடியாது.

இன்று காலை வந்து இறங்கியபோது அவனுக்கு எந்தக் குழப்பமும் இல்லை. மொன்ட்ரெகா புது ஊர், புது மைதானம் என்றுதான் நினைத்திருந்தான். குழப்பத்தைத் தொடங்கி வைத்தது வாசல்காரர்.

"வாப்பா எலோய்! இது உன் வீடு மாதிரி," என்று கட்டிப்பிடித்தார்.

அடுத்து கிளப் தலைவர் தோன் எவெலியோ வந்தார். "பொண்ணுக்குப் பள்ளிக்கூடம் பிடிச்சிருக்கா? வீட்டம்மா சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டு, சுற்றும் முற்றும் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினார். எலோயும் மரியாதைக்காகப் பதிலுக்குச் சிமிட்டி வைத்தான்.

கேன்டீன் அம்மாள் உருளைக்கிழங்கு ஆம்லெட் வைத்த ரொட்டியை, வேண்டாம் வேண்டாம் என்றாலும் கையில் திணித்தாள். எல்லாவற்றுக்கும் மேலாக, அவனை மறித்து ஆட வேண்டிய எதிரணி டிஃபென்டர் உர்பானோ, நடைவழியில் தோளில் கை போட்டு, "ஜன்னல் பக்கத்து அலமாரி உனக்குத்தான்டா. வேற எவனையும் தொட விடல," என்றான்.

எலோய் அங்கேயே நின்றுவிட்டான். அலமாரியா? அப்படியானால் நாம் இங்கே ஆடியிருக்கிறோம். எப்போது? யாரிடம் கேட்பது? கட்டிப்பிடித்து நலம் விசாரிப்பவர்களிடம் போய், "மன்னிக்கணும், உங்களை எனக்குத் தெரியுமா?" என்று எப்படிக் கேட்பது? கேட்காமல், சிரித்துச் சமாளித்து, மைதானத்துக்குள் இறங்கிவிட்டான்.

அன்றைய நிலவரமோ விபரீதமானது. லீகின் கடைசி ஆட்டம். எலோயின் அணியான வால்தெசோல் பட்டியலின் நடுவில் பத்திரமாக இருந்தது. ஜெயித்தாலும் தோற்றாலும் ஒன்றுதான். மொன்ட்ரெகாவுக்கோ ஒரு சமநிலை வேண்டும். தோற்றால் கீழ்ப் பிரிவுக்கு இறங்க வேண்டியதுதான். எண்பத்து மூன்றாவது நிமிடம் வரை யாரும் கோல் போடவில்லை. ஊரே சூரியகாந்தி விதையைக் கூடக் கொறிக்காமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

அப்போதுதான் எலோய்க்குப் பந்து வந்தது. உர்பானோ ஆட்டம் முழுக்கச் செய்ததைப் போலவே இரண்டு முழம் தள்ளி நின்றான். எலோய் கோட்டோரம் ஓடி, நடுவில் நின்ற ஆளுக்குக் கிராஸ் போட்டான். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதையாக அந்தப் பந்து காற்றில் திரும்பி, கோல்கீப்பரின் தலைக்கு மேலே போய், தூர மூலையில் விழுந்தது. இந்த சீசனில் அவன் போட்ட முதல் கோல்.

தோழர்கள் ஓடி வந்து மேலே விழுந்தார்கள்.

"என்னடா மரம் மாதிரி நிக்கறே? கோல்டா!" என்று ஒருவன் காதில் கத்தினான்.

"தெரியுது. நான் இங்க ஆடியிருக்கேனா?"

"என்னது?"

"இந்தக் கிளப்புலடா. ஆடியிருக்கேனா?"

"உன் கதையை என்கிட்ட கேட்டா?"

எதற்கும் மரியாதையாக இருந்துவிடுவோம் என்று எலோய் முடிவு செய்தான். மொன்ட்ரெகாக்காரர்கள் நிறைந்த பக்கமாகத் திரும்பி இரண்டு கைகளையும் கூப்பினான். மன்னிப்புக் கேட்கிற பாவனையில் தலையைத் தாழ்த்தினான்.

அந்தப் பக்கம் முழுக்க எழுந்து நின்றது.

"துரோகி!"

எலோய்க்கு இப்போது உறுதியாகிவிட்டது. யாரோ ஒருவன் கோல் போட்டால் திருடன் என்பார்கள், குருட்டு அதிர்ஷ்டக்காரன் என்பார்கள், அவன் அம்மாவை இழுப்பார்கள். துரோகி என்று சொந்தக்காரனைத்தானே சொல்வார்கள்! ஆக, ஆடியிருக்கிறோம். வெறும் கும்பிடு போதாது.

கம்பிவேலி வரை நடந்து போய், நெஞ்சில் கையை வைத்து இரண்டு முறை தட்டினான்.

"நெஞ்சைத் தொடறான் பாரு, வெட்கங்கெட்டவன்!" என்று ஓர் அம்மாள் தான் உட்கார்ந்திருந்த மெத்தையையே கழற்றி வீசினாள். அது அவன் முகத்தில் வந்து விழுந்தது.

இதையெல்லாம் எதிர் மூலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள், பஸ் பிடித்து வந்த முப்பது வால்தெசோல் ரசிகர்கள். வருடம் முழுக்க ஒரு கோல் கூடப் போடாதவன், போட்ட ஒன்றுக்கும் எதிரியிடம் போய் மன்னிப்புக் கேட்கிறான்.

"ஏய் கரஸ்கால்! யாருக்குடா கும்பிடு போடறே? அங்கேயே போய் இரு!"

அவர்களையும் விட முடியாது. எலோய் அவர்கள் பக்கம் திரும்பி, தன் சட்டையிலிருந்த வால்தெசோல் சின்னத்தை இழுத்துப் பிடித்து முத்தமிட்டான். மொன்ட்ரெகா பக்கம் இதைப் பார்த்தது. அடுத்தடுத்து நான்கு மெத்தைகள் வந்தன, கூடவே ஒரு செருப்பும்.

உர்பானோ புல்தரையில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தான். கண் கலங்கியிருந்தது.

"உன் கால்ல அடிபட்டுடக் கூடாதேன்னுதானேடா தள்ளித் தள்ளி நின்னேன்," என்றான்.

எலோய்க்கு மனசு உருகிவிட்டது. அவனைத் தூக்கி நிறுத்தி, "மன்னிச்சுக்கோ உர்பானோ. நம்ம பழைய சிநேகத்தை நான் மறக்கல," என்றான்.

"எந்தப் பழைய சிநேகம்?" என்றான் உர்பானோ.

எலோய்க்குத் தலை சுற்றியது.

"அவனை வெளியில எடு! கும்பல் உள்ள வந்துடப் போகுது!" என்று கோச் பெர்னாபே கத்தி, மாற்று ஆளை அனுப்பினார். எலோய் பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்தான்.

"எதுக்குய்யா மன்னிப்புக் கேட்டே?" என்றார் கோச்.

"நான் இங்க ஆடியிருக்கேன் கோச்."

"எப்போ?"

"அதுதான் தெரியல."

கோச் தண்ணீர் பாட்டிலை அவன் கையில் கொடுத்துவிட்டு நாலு இருக்கை தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டார்.

எலோய் மருத்துவ உதவியாளரின் போனைக் கெஞ்சி வாங்கி, துண்டால் தலையை மூடிக்கொண்டு, மனைவியைக் கூப்பிட்டான்.

"நியேவெஸ், ஒரு அவசரம். நான் மொன்ட்ரெகாவுல ஆடியிருக்கேனா?"

"மேட்ச் முடிஞ்சிடுச்சா?"

"இல்ல."

"அப்புறம் எப்படிப் பேசறே? அடிபட்டுச்சா?"

"கோல் போட்டேன்."

"ஐயோ, தலையிலயா அடிபட்டுச்சு?"

"நியேவெஸ், கேட்டதுக்குப் பதில் சொல்லு!"

அவளுக்குக் கிளப்பின் பெயர் சொன்னால் தெரியாது. வீட்டைச் சொன்னால்தான் தெரியும். இந்தப் பதினொரு வருடக் கல்யாணத்தில் ஒன்பது வீடு.

"எந்த வீடு அது? குளியலறைக் கதவைச் சாத்தவே முடியாதே, அந்த வீடா?"

"அது கடலோரத்துல."

"மாடியில ஒருத்தன் ட்ரம்பெட் ஊதுவானே?"

"அது அதுக்கு அப்புறம்."

"இரு. மொன்ட்ரெகா இங்கேர்ந்து இருபது நிமிஷம்தானே? அங்க நீ ஆடியிருந்தா நாம இந்தப் பக்கமே வீடு பாத்திருப்போமே. ஆடியிருக்க மாட்டே. இல்ல, கல்யாணத்துக்கு முன்னாடி ஆடினியோ என்னவோ. உங்க அம்மாவைக் கேளு."

"அம்மா ஞாயித்துக்கிழமை போனை எடுக்க மாட்டாங்க."

"சரி, நீ ஒண்ணு சொல்லு. செவ்வாக்கிழமை விஷயம் உறுதிதானே? நான் ஜன்னலுக்குத் திரை வாங்கிட்டேன். தைக்கவும் கொடுத்துட்டேன்."

எலோய் துண்டுக்குள்ளேயே சிரித்தான். கல்யாணமாகி அவள் திரை வாங்கியதே இல்லை. எந்த ஜன்னலை நம்பி அளவெடுப்பது? ஒன்பது வீட்டிலும் பழைய படுக்கை விரிப்பைத்தான் ஆணியில் மாட்டி வைத்தாள். பெண் இனேஸுக்கு இது ஐந்தாவது பள்ளிக்கூடம். போன மாதம்தான், "எனக்கு ஒரு சிநேகிதி கிடைச்சிருக்கா. அவகிட்ட நான் எப்ப போவேன்னு சொல்லணும்?" என்று கேட்டாள். அன்று இரவு எலோயால் சாப்பிட முடியவில்லை.

மறுநாளே ஏஜென்ட் ருஃபினோவைக் கூப்பிட்டு, "எங்கயும் அனுப்பாதே. வீடு மாறாம இருக்க வழி பண்ணு. நான் கேக்கறது அவ்வளவுதான்," என்று சொன்னான். இந்த வாரம் செவ்வாய்க்கிழமை அவன் பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தபோது போனுக்கு ஒப்பந்தம் வந்தது. பின்னாலிருந்த லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். பதினாறு வருடத்தில் எலோய் எந்த ஒப்பந்தத்தையும் படித்தவனில்லை. கையெழுத்து இடம் எங்கே என்று மட்டும் பார்ப்பான். அன்றும் விரலால் கிறுக்கி அனுப்பிவிட்டான்.

"இன்னும் ரெண்டு வருஷம்! வீடு மாற வேண்டாம்," என்று ருஃபினோ போனில் சிரித்தான். "ஆனா ஞாயித்துக்கிழமை மேட்ச் முடியற வரைக்கும் எவன்கிட்டயும் மூச்சு விடாதே. வால்தெசோல்ல கூட பேசிடாதே."

அதுவும் சரிதானே என்று எலோய் நினைத்தான். வால்தெசோலில் பாதிப் பேருக்கு இன்னும் ஒப்பந்தம் புதுப்பிக்கவில்லை. தனக்குப் புதுப்பித்துவிட்டார்கள் என்று தெரிந்தால் அவர்களுக்கு வயிறு எரியாதா? அதனால் நியேவெஸைத் தவிர யாரிடமும் வாய் திறக்கவில்லை.

"உறுதிதான்," என்றான் இப்போது. "திரை என்ன நிறம்?"

"மஞ்சள்."

"நல்லா இருக்கும்," என்று அவன் சொல்லும்போதே ரெஃப்ரியின் விசில் மூன்று முறை ஒலித்தது. ஆட்டம் முடிந்தது. மொன்ட்ரெகா தோற்றது, பிரிவை விட்டும் இறங்கியது.

வாசல்காரர் நடுமைதானத்தில் உட்கார்ந்து சின்னக் குழந்தையைப் போல அழுதார். எலோயால் அதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. வால்தெசோல் பஸ் ஹாரன் அடித்துக் கூப்பிட்டது. அவன் போகவில்லை. நேரே மொன்ட்ரெகாவின் உடைமாற்றும் அறைக்குப் போய்க் கதவைத் தட்டினான். இதையாவது அவன் செய்யாமல் இருந்திருக்கலாம்.

தோன் எவெலியோதான் கதவைத் திறந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"தலைவரே, மன்னிச்சிடுங்க," என்றான் எலோய். "கிராஸ்தான் போட்டேன். சத்தியமா கிராஸ்தான். இந்தக் கிளப் எனக்குச் செஞ்சதை நான் உசிருள்ள வரைக்கும் மறக்க மாட்டேன்."

"நாங்க உனக்கு என்ன செஞ்சோம்னு உனக்குத் தெரியுதா?"

எலோய் பலமாகத் தலையாட்டினான். "எல்லாமே செஞ்சீங்க. அந்த நாளெல்லாம் ஞாபகம் இருக்கு."

"எந்த நாள்?"

"அதான், அந்தப் பழைய நாள்."

தோன் எவெலியோ அவனை மேலும் கீழும் பார்த்தார். பைத்தியக்காரனிடம் கோபித்துக்கொண்டு என்ன பயன் என்பது போலத் தலையை ஆட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

நடைவழிக் கோடியில், துணி துவைக்கும் இயந்திரத்தின் பக்கத்தில், ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் ஹசின்தோ. அணியின் சட்டை, காலுறைகளைப் பார்த்துக்கொள்கிறவர். மடியில் ஒரு புத்தம் புது மொன்ட்ரெகா சட்டை. அதன் முதுகில் ஒட்டியிருந்த எழுத்துகளைப் பேனாக்கத்தியால் ஒவ்வொன்றாகப் பெயர்த்து எடுத்துக்கொண்டிருந்தார். பாதி போய்விட்டது. மீதியை வைத்தே எலோய் எட்ட இருந்து படித்துவிட்டான். கரஸ்கால். கீழே பதினொன்று.

அவனுக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை. காலையிலிருந்து மண்டையைக் குடைந்த கேள்விக்கு இதோ சாட்சி! அவன் பைத்தியம் இல்லை. கோச்சுக்குக் காட்டலாம், நியேவெஸுக்குப் படம் எடுத்து அனுப்பலாம்.

"என் சட்டை!" என்று ஓடிப் போய் அதைப் பற்றிக்கொண்டான். "பாத்தீங்களா, என் பேரு! நான் இங்க ஆடியிருக்கேன்! சொல்லுங்க பெரியவரே, எந்த வருஷம்?"

ஹசின்தோ கத்தியை மடக்கினார்.

"நீ இங்க ஆடினதே இல்ல தம்பி. இந்த ஊருக்கே தெரியும், செவ்வாக்கிழமை நீ போட்ட கையெழுத்துப்படி அடுத்த வருஷம்தான் ஆடணும், அதுவும் நாங்க இன்னிக்குக் கீழ இறங்காம இருந்தாத்தான்."