நாற்பத்தெட்டு கூடுதல்

எலிசியோ கணினி வகுப்பில் சேர்ந்து மூன்றே வாரம். அதற்குள் மனைவி அசுசேனாவின் வியாபாரத்தைச் சீர்திருத்தியே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டார். மசாயா ஊரில் அவள் கை நாக்கத்தமாலுக்குத் தனி மவுசு. சோளமாவும் பன்றிக்கறியும் வாழையிலையில் கட்டி வேகவைக்கிற அந்தப் பண்டத்தை, இருபது வருஷமாக மனக்கணக்கிலேயே விற்கிறாள்.

"இனிமே ஆர்டரை என் ப்ரோகிராம் பார்த்துக்கும்."

"ஏன், இத்தனை நாள் என் தலை பார்த்துக்கிட்டதுல என்ன குறை?"

வெள்ளிக்கிழமை அவள் மாவு மில்லுக்குப் போன நேரத்தில் போன்கள் வந்தன. எலிசியோ எண்களைத் தட்டினார். சொன்னதைக் காதில் வாங்கியதைவிடத் தட்டுகிற பெருமைதான் அதிகம். பட்டியல் வந்து விழுந்தது: எர்லிந்தா ஐம்பது, முடிவெட்டும் நிக்கனோர் ஐம்பத்திரண்டு, புதிதாகக் குடிவந்த மருந்துக்கடைக்காரர் ஐம்பத்துமூன்று.

மில்லிலிருந்து திரும்பிய அசுசேனா அதைப் பார்த்தாள். "ஒண்டிக்கட்டை எர்லிந்தாவுக்கு ஐம்பதா?"

"விருந்தாளி வந்திருப்பாங்க. மிஷின் பொய் சொல்லாது."

அசுசேனா பட்டியலை மடித்து வைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை வகுப்பில் ஆசிரியை ஒஃபெலியா சொன்னார்: "நீங்க ரெண்டுன்னு தட்டினா, கணினிக்கு அது எண் இல்லை, எழுத்து. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு குறியீட்டு எண் உண்டு. ரெண்டுக்கு ஐம்பது."

எலிசியோ பட்டியலை மனசுக்குள் கூட்டிப் பார்த்தார். மொத்தம் நூற்றைம்பத்தைந்து! மாவு பிசைந்தே அவள் கை ஒடிந்திருக்கும். விற்காததெல்லாம் கிறிஸ்துமஸ் வரைக்கும் அவர் தட்டில்தான் விழும். பாதி வகுப்பில் எழுந்து ஓட்டமாக ஓடினார்.

சமையலறை மேசையில் பொட்டலங்கள் ஆவி பறக்க இருந்தன. எண்ணினார். பதினொன்று. போன உயிர் திரும்பி வந்தது. அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

"மீதி எங்கே?"

"மீதி ஏது? எர்லிந்தா எப்பவும் ரெண்டு, நிக்கனோர் நாலு. ரெண்டு பேருக்குமே சரியா நாப்பத்தெட்டு கூட இருந்துச்சு. சரி, உங்க மிஷினுக்கு அதுதான் வியாதின்னு மருந்துக்கடைக்கும் நாப்பத்தெட்டைக் கழிச்சேன். அஞ்சு. போன் போட்டுக் கேட்டேன், அஞ்சேதானாம்."

"அடிப்பாவி, மூணு வாரமா எனக்குப் பிடிபடலையே!"

"டீச்சரும் அதைத்தான் சொன்னாங்க. பாதியில ஓடிட்டீங்கன்னு இப்பத்தான் கூப்பிட்டாங்க. உங்க இடத்துக்கு என் பேரைக் கொடுத்துட்டேன்."