ஜிலாலி உடைத்த முட்டை

மெக்னெஸ் நகரத்துப் பழைய கோட்டைவாசல் பக்கம் புதன்கிழமைதோறும் நீண்ட வரிசை நிற்கும். ரொட்டிக்காக அல்ல, உடம்பில் புகுந்த ஜின் என்னும் பேயை எடுப்பதற்காக. ஆளுக்கொரு சர்க்கரைக் கூம்பு. அது பேயெடுக்கும் சீதி ஜிலாலிக்குக் காணிக்கை; சீதி என்றால் ஐயா. ஆளுக்கொரு முட்டை, அது ஜின்னுக்கு. காலையில் வாங்கிய கூம்புகள் மாலையில் மூலைக்கடையில் விற்பனைக்கு வந்துவிடும். ஜிலாலிக்கு இனிப்பு ஆகாதோ என்னவோ.

"முட்டை உங்க வீட்டுது. அப்புறம் ஏமாத்திட்டான்னு சொல்லக் கூடாது பாருங்க" என்பார் ஜிலாலி. நாணயஸ்தர். முட்டையை நோயாளியின் வயிற்றில் தடவி, முணுமுணுத்து, கிண்ணத்தில் உடைப்பார். கருப்புக் குழம்பும் முடிச்சுப் போட்ட முடியும் கொட்டும். அதுதான் ஜின்னாம்.

அன்றைய வரிசையில் தாமுவும் நின்றாள். கணவன் மஹ்ஜூப்பின் தோளில் தொங்கினாள் என்பதே சரி. ரத்தப் புற்றுநோய். போன வாரம்தான் மூன்றாவது முறையாக மருந்து ஏற்றினார்கள். "வெள்ளை அணு ரொம்பக் குறையும். பச்சையா, அரைவேக்காடா எதையும் சாப்பிடாதீங்க. காய்ச்சல் வந்தா வீட்ல இருக்காம நேரா கிளம்பி வாங்க" என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பியிருந்தார்.

காலையில் காய்ச்சல் வந்தது. வலப்பக்க அடிவயிறு கல்லாக உப்பி வலித்தது. மஹ்ஜூப் அவளை நேராகத்தான் கூட்டி வந்தான், ஜிலாலியிடம்.

"ஆஸ்பத்திரிக்குப் போவோங்க."

"அவங்க மருந்து ஏத்துன பிறகுதானே வயிறு வலிக்குது? மறுபடி அவங்ககிட்டயேவா? இவரு எடுத்துட்டா முடிஞ்சுது."

"இவரு புளுகுன்னு தெரிஞ்சா?"

"அடுத்த நிமிஷம் ஆஸ்பத்திரி. சத்தியம்."

மஹ்ஜூப்பின் சட்டைப்பையில் இரண்டு முட்டைகள் இருந்தன. ஒன்று உடைந்தால் இன்னொன்று என்று சமையலறைக் கூடையிலிருந்து அவனே எடுத்தவை. தாமு அவற்றைப் பார்த்தாள். அத்தனை வலியிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. முக்காட்டை இழுத்து அதை மறைத்துக்கொண்டாள்.

முறை வந்தது. ஜிலாலி தடவினார், முணுமுணுத்தார், உடைத்தார். கருப்புக் குழம்பு. நீளமான முடி.

"பாத்தியா தாயி, உன் தலைமுடி. யாரோ சூனியம் வச்சிருக்காங்க."

"கழுவிக் குடுங்க சீதி. என் தலையில ஒண்ணுகூட மிச்சமில்ல."

பின்னால் நின்ற பெண்கள் முக்காட்டுக்குள் சிரித்தார்கள்.

"ஏங்க, அந்த இன்னொரு முட்டையை உடைங்க" என்றாள் தாமு.

மஹ்ஜூப் தட்டினான். எதுவும் ஒழுகவில்லை. ஓட்டை உரித்தான். வெள்ளைவெளேரென்று வெந்த முட்டை.

"அரைவேக்காடு ஆகாதுன்னு டாக்டர் சொன்னதிலிருந்து முட்டை வாங்குன அன்னைக்கே எல்லாத்தையும் வேகவச்சிடுறேன். நீங்க அடுப்படிப் பக்கம் வந்திருந்தா தெரிஞ்சிருக்கும். ரெண்டும் ஒரே பானையில வெந்ததுதான். ஒண்ணு மட்டும் எப்படிப் பச்சையாச்சு?"

"ஜின்னோட சூடு, தாயி. அது உருக்கிடும்" என்றார் ஜிலாலி.

"சூட்டுல முட்டை கெட்டிதானே ஆகும்? சரி, இதையும் உருக்குங்க. எல்லாரும் பாக்கட்டும்."

"அடுத்த ஆள் வரலாம்."

மஹ்ஜூப் அவருடைய அகலமான அங்கிக் கையைப் பிடித்து இழுத்தான். உள்ளேயிருந்து ஒரு முட்டை டொக்கென்று தரையில் விழுந்து, சிதறாமல் உருண்டது. வரிசையில் அடுத்து நின்றவள் அதை எடுத்து அமுக்கிப் பார்த்தாள். "இதுவும் வெந்திருக்குதே. இவங்க கொண்டாந்தது இதுதான்." அதற்குள் அங்கிக் கைக்குள்ளேயே இன்னொரு முட்டை உடைந்து, ஜிலாலியின் முழங்கை வழியாகக் கருப்புக் குழம்பு வழிந்தது. அது அந்த அடுத்தவளுக்கென்று ஒதுக்கி வைத்திருந்த ஜின்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா மஹ்ஜூப்பைத்தான் முதலில் முறைத்தார். "குடல்ல கிருமி புகுந்து வீங்கியிருக்கு. எதிர்த்து நிக்க உடம்புல அணுக்கள் இல்ல. இன்னும் தாமதிச்சிருந்தா குடல் ஓட்டையாகியிருக்கும்." வாய்வழி ஒன்றும் கொடுக்காமல் நரம்பு வழியே மருந்து ஏற்றினார்கள். கொடுக்காத சர்க்கரைக் கூம்பை மடியில் வைத்தபடி மஹ்ஜூப் வெளியே உட்கார்ந்திருந்தான்.

தாமு பிழைத்தாள். சாப்பிடலாம் என்று சொன்ன நாளில், "என்ன வேணும்?" என்று கேட்டான்.

"முட்டை. நீங்களே வேகவச்சுக் கொண்டாங்க."

ஜிலாலி வேறு ஊருக்குப் போய்விட்டார். அங்கே இப்போது எலுமிச்சம்பழமாம். வரிசை இதைவிட நீளமாம். அந்த ஊர்க்காரர்களே, பழத்தை எப்படி வேண்டுமானாலும் கொண்டுபோங்கள். மூளையை மட்டும் வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.